பைக் பேனலுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? நிறத்தை மாற்றினால் ஆர்சி என்னாகும்?

பள்ளிப்பட்டில் இருந்து நகரிக்கோ சித்தூருக்கோ, இந்தப் பக்கம் திருத்தணிக்கோ தினமும் பைக்கில் போய்வருகிறவர்களின் வண்டி நிழலில் நிற்கும் நேரம் குறைவு. சில வருஷம் வெயில் வாங்கினால் சைடு பேனல் வெளுத்துவிடும். மட்கார்டு ஓரத்தில் துரு எட்டிப்பார்க்கும். அப்போதுதான் ‘கடைக்கு எதுக்கு? ரெண்டு ஸ்ப்ரே கேன் வாங்கினா வீட்டிலேயே முடிச்சிடலாமே’ என்ற யோசனை வரும்.

முடியுமா? பாதி வேலையை முடிக்கலாம். மீதிப் பாதியை வீட்டில் செய்தால் வண்டிக்கும் கேடு, சில நேரம் நுரையீரலுக்கும் கேடு. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

எந்தப் பாகத்தை வீட்டில் அடிக்கலாம்?

சைடு பேனல், டெயில் பேனல், மட்கார்டு, ஹெட்லைட் கவுல் ஆகியவற்றைக் கழற்றி வைத்து வீட்டிலேயே அடிக்கலாம். பிசிறு வந்தாலும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க முடியும்.

பெட்ரோல் டேங்க் வேறு கதை. டேங்கைக் காலி செய்தாலும் உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் பரவும். பூஜை விளக்கு, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு என்று எங்காவது ஒரு நெருப்பு போதும். இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண கேன் பெயின்ட் மேல் பெட்ரோல் சிந்தினால் அது இளகிக் கரைந்துவிடும். முதல் தடவை பங்க்கில் டேங்க் ஃபுல் செய்யும்போதே மூடியைச் சுற்றி நிறம் கையோடு வந்துவிடலாம். டேங்க் மட்டுமாவது பெயின்டரிடம் போவதுதான் சரி.

1கே, 2கே: என்ன வித்தியாசம்?

கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே கேன் 1கே வகை. அதில் உள்ள கரைப்பான் ஆவியானதும் பெயின்ட் காய்ந்துவிடும், அவ்வளவுதான். அதனால்தான் பெட்ரோலோ தின்னரோ பட்டால் திரும்பவும் இளகுகிறது.

2கே என்பது பெயின்டுடன் ஹார்ட்னர் கலந்து அடிப்பது. இரண்டும் ரசாயன வினை புரிந்து கெட்டிப்படுவதால் பெட்ரோலைத் தாங்கும், பளபளப்பும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பது ஆஸ்துமாவை உண்டாக்கும். பெயின்ட் பூத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் தொழில்வழி ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான். ஒருமுறை உடல் ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலே மூச்சுத்திணறல் வரும்.

துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க், என்95 எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. தொழில்முறை பூத்களில் வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடி போடுகிறார்கள். மொட்டை மாடியில், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் 2கே அடிக்கவே கூடாது. 1கே அடிக்கும்போதும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை வேண்டும். கேனில் இருந்து பெயின்டைத் தள்ளும் வாயுவும் பொதுவாகத் தீப்பற்றக்கூடியதே. மூடிய அறையில் வேண்டாம்.

பேனலைத் தயார் செய்வது எப்படி?

பெயின்ட் உரிந்து வந்தால் எல்லோரும் கேனைத் திட்டுவார்கள். தப்பு பெரும்பாலும் அதற்கு முந்தைய வேலையில் இருக்கும்.

• பேனலின் உட்புறத்தைப் பாருங்கள். ஏபிஎஸ், பிபி என்று ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். ஏபிஎஸ்ஸில் பெயின்ட் ஓரளவு எளிதாகப் பிடிக்கும். பிபி என்றால் பிளாஸ்டிக்குக்கான தனி பிரைமர் இல்லாமல் தகடு தகடாக உரியும்.

• ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி உரித்துவிட்டு, சோப்பு நீரில் நன்றாகக் கழுவுங்கள். டீசல் வாஷ் செய்த வண்டி, சிலிக்கான் பாலிஷ் பூசிய பேனல், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் ஒட்டியிருக்கும் இடம் எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பசை இருக்க வாய்ப்பு உண்டு. அது போகாவிட்டால் பெயின்ட் விலகி மீன் கண் மாதிரி குழி குழியாக நிற்கும்.

• 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பழைய பெயின்டை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. பளபளப்பு போய் மங்கினால் போதும். துரு இருந்தால் மட்டும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

• தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதற்கு இன்னொரு காரணம் தூசி. இந்தியாவில் 2017 நவம்பர் முதல் அமலில் உள்ள 90 பிபிஎம் ஈய வரம்பு, வீட்டு மற்றும் அலங்காரப் பெயின்டுகளுக்குத்தான். பழைய வண்டிப் பெயின்டின் தூசியைச் சுவாசிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

• கீறலில் பட்டி பார்த்து, காய்ந்ததும் சமமாகத் தேய்த்து, பிரைமர் இரண்டு கோட். அது காய்ந்த பிறகு 600 எண் பேப்பரால் லேசாக ஒரு தேய்ப்பு.

அடிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். பேனலுக்கும் கேனுக்கும் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். பேனலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விட வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடட்டும்.

முதல் கோட்டில் பழைய நிறம் தெரியத்தான் செய்யும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அங்கேயே அடித்தால் வழிந்துவிடும். மெல்லிய கோட் மூன்று, நான்கு. இடையில் 10 முதல் 15 நிமிடம். கடைசியில் கிளியர் கோட் இரண்டு. ஒரு நாளில் தொடும் அளவுக்குக் காய்ந்தாலும், முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பாலிஷ், பிரஷர் வாஷ் இரண்டும் வேண்டாம்.

எந்த மாதத்தில் அடிப்பது நல்லது?

திருத்தணி வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்தச் சூட்டில் பெயின்ட் பேனலைத் தொடும் முன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கரைப்பான் ஆவியாகும்போது பேனல் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து வெள்ளைப் பூசணம் மாதிரி படலம் வரும். பனி விலகிய பிப்ரவரி, மார்ச் காலை நேரம் தோது. வெயிலில் காய்ந்து சுடும் பேனலில் அடிக்க வேண்டாம், நிழலில் வையுங்கள்.

பொதட்டூர்பேட்டை போல விசைத்தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசியும் ஒரு எதிரி. தறி நிற்கும் நேரத்தில், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தால் பேனலில் தூசி ஒட்டுவது குறையும்.

நிறத்தை மாற்றினால் சட்டம் என்ன சொல்கிறது?

அதே நிறத்தை மறுபடி அடித்தால் ஆர்சியில் வேலை இல்லை. வேறு நிறம் என்றால் இருக்கிறது. ஆர்சியில் வண்டியின் நிறமும் ஒரு விவரம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. ஆர்சியின் மற்ற விவரங்களை மாற்றலாம், ஆனால் அதை ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். எனவே பெயின்ட் அடிக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்குவதுதான் பாதுகாப்பு. வண்டிக்கு லோன் ஓடிக்கொண்டிருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதமும் தேவை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஆர்சியில் கறுப்பு, வண்டியில் நீலம் என்றால் சோதனையில் முதலில் எழும் சந்தேகம் ‘திருட்டு வண்டியோ?’ என்பதுதான்.

ஒரு நிறம் மட்டும் அறவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதிப்படி, ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது. 2018-இல் ராயல் என்ஃபீல்டு உலக அளவில் 1,000 வண்டிகள் மட்டும் வெளியிட்ட கிளாசிக் 500 பெகாசஸ் மாடலிலும், இந்தியாவில் பழுப்பு நிறம் மட்டும்தான் விற்பனைக்கு வந்தது. ஆலிவ் பச்சை வரவில்லை.

நம்பர் பிளேட், சேஸி எண் பொறித்த இடம், ரிஃப்ளெக்டர் மூன்றின் மேலும் ஒரு துளி பெயின்ட்கூடப் படக் கூடாது. கேனை எடுக்கும் முன் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

சுருக்கமாக: சைடு பேனலும் மட்கார்டும் அதே நிறத்தில், 1கே கேனில், திறந்த வெளியில் என்றால் தாராளமாக வீட்டில் செய்யலாம். டேங்க், 2கே இரண்டும் கடைக்கு. நிறம் மாறுகிறது என்றால் முதலில் ஆர்டிஓ, பிறகு பெயின்ட்.