ஜனதா காலனி இடிந்தபோது நாட்டில் நடந்தது என்ன ஆட்சி?

மன்னராட்சி, குடியரசு, ராணுவ ஆட்சி, ஒரு கட்சி ஆட்சி என்று உலகத்து ஆட்சி முறைகளைப் பள்ளிக்கூடத்தில் பிரித்துப் படித்திருக்கிறோம். ஆனால் பெயரைப் பார்த்து ஆட்சியை எடை போட முடியாது.

இங்கிலாந்தில் மன்னர் இருக்கிறார். ஆனால் தேர்தலில் எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றுவிட்டால், பிரதமர் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்கிறார். ஜப்பானில் சக்கரவர்த்தி இருக்கிறார். ஆட்சி அதிகாரம் அவருக்குக் கிடையாது. வடகொரியாவின் முழுப் பெயர் "கொரிய ஜனநாயக மக்கள் குடியரசு". ஜனநாயகம், மக்கள், குடியரசு மூன்றும் பெயரில் உண்டு. ஆள்வதோ 1948 முதல் தாத்தா, மகன், பேரன் என்று ஒரே குடும்பம்!

பின்னே எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

உங்கள் வீட்டை இடிக்க ஓர் அதிகாரி ஆட்களோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நிறுத்து" என்று அவருக்குச் சொல்லக்கூடியவர் யார்? அவரிடம் உங்களால் போக முடியுமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு ஆட்சியிடமும் கேட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

மும்பையில் வாழும் நம்மவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. அணுசக்தி நகர் பக்கத்திலேயே நடந்த கதை இருக்கிறது.

70 ஆயிரம் பேர்

டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பம்பாயின் தென்பகுதியில் இருந்து அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே கொண்டு வந்து அங்கே குடியமர்த்தியது. நாளடைவில் சுமார் 70 ஆயிரம் பேர் வாழும் ஊராகவே அது வளர்ந்துவிட்டது. அவர்களில் தமிழர்கள் ஏராளம்.

கோலார் தங்கவயலில் பிறந்து, 1963-ல் பிழைப்புத் தேடி பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் அங்கே வசித்தார். தச்சுத் தொழிலாளி. காலனியில் குப்பை அள்ள ஆள் வராததைக் கண்டு, சிறுவர், சிறுமியரைத் திரட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமக்கச் சொல்லி, மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய்க் கொட்ட வைத்தார். அப்புறம் குப்பை வண்டி வராமல் இருக்குமா?

பிறகு பெரிய ஆபத்து வந்தது. ஜனதா காலனி இருந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவை என்றார்கள். மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அற்புதம் டெல்லிக்குப் போய், பாராளுமன்றத்தின் முன்பு உட்கார்ந்து, பிரதமர் இந்திரா காந்தியையே சந்தித்து முறையிட்டார்.

வார்டு ஆபீஸ், கோர்ட்டு, பாராளுமன்றம், பிரதமர். இத்தனை கதவுகளையும் ஒரு தச்சுத் தொழிலாளியால் தட்ட முடிந்தது. தட்டிய கதவெல்லாம் திறந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கதவுகள் இருந்தவரையில் இடிப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

கதவுகள் மூடின

1975 ஜூன் 25-ந்தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. அரசியல் சட்டத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. ஜனாதிபதி இருந்தார், பாராளுமன்றம் கூடியது, நீதிபதிகள் நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31-ந்தேதி கலைக்கப்பட்டது.

1976 ஏப்ரல் 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. நெருக்கடி நிலையின்போது காவலில் வைக்கப்பட்டவர், ஆட்கொணர்வு மனு போட்டு விடுதலை கேட்க முடியாது என்று 5 நீதிபதிகளில் 4 பேர் சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். மறு ஆண்டு அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி வரவில்லை.

அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த மாதம், 1976 மே மாதத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. குடியிருந்தவர்கள் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அதுதான் இன்றைய சீத்தா கேம்ப்.

அன்றைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் "இந்தியாவில் என்ன ஆட்சி?" என்று கேட்டிருந்தால், புத்தகத்தைப் புரட்டி "பாராளுமன்ற ஜனநாயகம்" என்றுதான் பதில் சொல்லியிருப்பார்கள்.

1977 மார்ச் மாதம் தேர்தல் வந்தது. பம்பாயின் 6 தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. வடகிழக்குத் தொகுதியில் ஜெயித்த சுப்பிரமணியன் சுவாமி ஒரு தமிழர். டெல்லியில் ஜனதா கட்சி ஆட்சி வந்தது. ஜனதா காலனி திரும்பி வரவில்லை.

அற்புதம் ஓயவில்லை. குடிசைவாசிகளுக்கான தேசிய அமைப்பை வளர்த்தார். 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. 2018-ல் காலமானார்.

கடல் கடந்து

இலங்கையைப் பாருங்கள். 1948-ல் சுதந்திரம் பெற்றபோது இங்கிலாந்து மாதிரியிலேயே பாராளுமன்றம் அமைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் அந்தப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த சுமார் 7 லட்சம் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். ஓட்டும் போயிற்று. எல்லாம் முறைப்படி, பெரும்பான்மை ஓட்டில்! எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

தென்ஆப்பிரிக்காவில் வெள்ளையருக்கு மட்டும் பாராளுமன்றம் இருந்த காலத்தில், கேப் டவுனின் "டிஸ்டிரிக்ட் சிக்ஸ்" பகுதி 1966-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த சுமார் 60 ஆயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். பட்ட காயம் மறக்குமா? 1996-ல் எழுதிய புதிய அரசியல் சட்டத்தில், கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்றக்கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

சிங்கப்பூர் வேறு விதம். 1959 முதல் ஒரே கட்சிதான் ஆள்கிறது. 1966-ல் வந்த நிலச் சட்டத்தின்படி அரசு நிலத்தை எடுக்க நினைத்தால் தடுப்பது கடினம். ஆனால் குடிசைகளை அகற்றிய அரசு, அடுக்குமாடி வீடுகளையும் கட்டித் தந்தது. இன்று 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் அரசு கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். "நமக்கும் ஒரு லீ குவான் யூ வந்தால் தேவலை" என்று டீக்கடைகளில் பேச்சு எழுவது இதனால்தான். நல்லவர் கையில் தடையில்லாத அதிகாரம் போய்ச் சேர்ந்தால் சரி. சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை சீத்தா கேம்பின் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சேலத்துக்காரர் வழக்கு

நெருக்கடி நிலைக்குப் பிறகு இந்தியாவும் பூட்டு போட்டது. 1978-ல் வந்த 44-வது திருத்தப்படி, நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமைக்காக கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது.

அந்த உரிமைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக முதல்-மந்திரி அந்துலே அறிவித்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்குப் போட்டவர்களில், பஞ்சத்தால் வேலை இழந்து சேலத்தில் இருந்து பம்பாய் வந்து, நடைபாதையில் குடும்பத்தோடு வாழ்ந்த ஒரு கூலித் தொழிலாளியும் உண்டு.

1985-ல் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றது கோர்ட்டு. நடைபாதையை மறித்துக் குடியிருக்க உரிமை உண்டு என்று சொல்லவில்லை. மழைக்காலம் முடியும் வரை அகற்றக்கூடாது, 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர் பிழைத்தார்!

2009-ல் அணுசக்தி நகர் என்ற பெயரிலேயே சட்டசபைத் தொகுதிக்கு முதல் தேர்தல் நடந்தது. அணுசக்தித் துறை குவார்ட்டர்சில் வசிக்கும் விஞ்ஞானியும், சீத்தா கேம்பில் வசிக்கும் கூலித் தொழிலாளியும் ஒரே எம்.எல்.ஏ.வுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

வார்டு கதவுதான் நடுவில் மூடிக் கிடந்தது. 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஏறக்குறைய 4 ஆண்டுகள் 227 வார்டுகளுக்கும் கவுன்சிலரே இல்லை, கமிஷனரே எல்லாம். 2026 ஜனவரி 15-ந்தேதி தேர்தல் நடந்த பிறகுதான், குப்பை அள்ளவில்லை என்று போய்ச் சொல்ல வார்டுக்கு ஓர் ஆள் கிடைத்தார்.