எலும்பு பார்க்கும் வேலையை வடிகட்டி பார்த்தால்?

உசிலம்பட்டி பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க இருந்தா கவனிச்சிருப்பீங்க. சில ஊர்களில் சிலருடைய பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர் விட்டுப்போன அடையாளம் அது.

அங்குள்ள பாறைகளிலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைந்து போர்வெல் தண்ணீரில் சேருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் சேர்ந்தே பாதிக்கும். 'காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்'னு வீட்டில் சொல்வாங்க. ஆகாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. சிர்கோனியம் சேர்ந்த சாயத்தைத் தண்ணீரில் விட்டால், ஃப்ளோரைடு அந்தச் சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், நிறம் மாறும். எடுப்பதுதான் பெரும்பாடு.

திண்டுக்கல் பஸ்ஸில் போகும்போது சின்னாளபட்டியைத் தாண்டியிருப்பீங்க. அதன் பக்கத்திலுள்ள காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த பொருள் ஹைட்ராக்சிஅபடைட், அதாவது நம் பல்லும் எலும்பும் ஆன அதே கனிமம். அதிலுள்ள ஹைட்ராக்சில் அயனியை வெளியே தள்ளிவிட்டு ஃப்ளோரைடு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நம் உடம்புக்குள் கேடு செய்கிற அதே குணத்தை வெளியே வைத்து வேலை வாங்குவதுதான் யோசனை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

நானோ எதற்கு? 1 செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 600 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம்! ஃப்ளோரைடு உட்கார அவ்வளவு இடம். ஆனால் நுண்தூளை அப்படியே குழாயில் அடைத்தால் தண்ணீர் இறங்காது, தூளும் கூடவே வரும். அதனால் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானோடு சேர்த்தார்கள். இதை வேண்டிய வடிவில் வார்க்கலாம். பிடிக்கும் திறனும் கூடியது: கிலோவுக்கு 1296 மில்லிகிராமிலிருந்து 1560-க்கு.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கு, 1-க்கு இறக்கணும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பொருள் 780 லிட்டர் தாங்கும். குடிக்க, சமைக்க ஒரு வீட்டுக்குத் தினம் 20 லிட்டர் என்றால் 39 நாள். அதுவும் ஆய்வகக் கணக்கு. அடர்த்தி குறைந்த தண்ணீரில் பிடிப்பும் குறையும். அப்புறம் பொருளை யார் மாற்றுவது, எவ்வளவு செலவு? ஆர்.ஓ. மெஷினும் ஃப்ளோரைடை எடுக்கும்தான். ஆனால் கரண்ட் வேணும், கணிசமான தண்ணீர் கழிவாகப் போகும், அந்தக் கழிவில் ஃப்ளோரைடு இன்னும் அதிகம்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுக்கப்போறீங்கன்னா, வாலைவடிநீரில் சோடியம் ஃப்ளோரைடைக் கலந்து நல்ல ரிசல்ட் காட்டுவதோடு நிறுத்திடாதீங்க. நம்ம போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட்டும் இருக்கும்; அதுவும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ரெண்டு கேன் உசிலம்பட்டித் தண்ணீரைப் பிடிச்சிட்டு வாங்க. வடிகட்டி வழியா விட்டுக்கிட்டே இருங்க. எத்தனையாவது லிட்டரில் 1.5-ஐத் தாண்டுதுன்னு குறிச்சு வையுங்க.