ஆவடியை எண்ணும் நிரல்

2016 சட்டமன்றத் தேர்தலில் ஆவடித் தொகுதியில் அ.தி.மு.க.வின் க. பாண்டியராஜன் 1,08,064 வாக்குகள் பெற்றார். தி.மு.க.வின் சா.மு. நாசருக்குக் கிடைத்தவை 1,06,669. இடைவெளி 1,395. ஐந்து ஆண்டு கழித்து அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். இம்முறை நாசருக்கு 1,50,287, பாண்டியராஜனுக்கு 95,012, இடைவெளி 55,275. கணினி நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு இந்த இரண்டு தேர்தல்களைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைப்பது அரிது. 2021 முடிவை வைத்துக்கொண்டு எழுதும் நிரலில் சிறு பிழை இருந்தாலும் வென்றவர் மாறமாட்டார். 2016 முடிவில் மாறிவிடக்கூடும்.

வாக்கு எண்ணும் நிரல் என்பது உலகம் முழுவதும் தொடக்கநிலை மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற சிஎஸ்50 பாடத்திட்டத்தில்கூட ஆரம்ப வாரங்களிலேயே இது வந்துவிடுகிறது. தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான். பட்டியல், மடக்கு, அகராதி என்ற மூன்று பாடங்களைத் தாண்டிய எந்த மாணவரும் இதை எழுதிவிடலாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சுழியத்தில் ஒரு கணக்கைத் தொடங்க வேண்டும். வாக்கு வர வர ஒன்றைக் கூட்ட வேண்டும். கடைசியில் எது பெரிய எண் என்று பார்க்க வேண்டும். பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பத்து வரிகள் தேர்தலைப் பற்றி ஏறக்குறைய எதையும் அறியாதவை. எண்ணுவது எளிது, எதை எண்ணுவது, எதை விடுவது, எண்ணியதை எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் சட்டத்திலும் நடைமுறையிலும் இருக்கின்றன. இந்தப் பயிற்சியின் உண்மையான பயன் பதினோராவது வரியில்தான் தொடங்குகிறது.

முதல் சிக்கல் பெயர். அகராதியைக் கற்ற மாணவர் பெயரையே திறவுகோலாக வைப்பார்: பெயரைச் சொன்னால் வாக்கு எண்ணிக்கை கிடைக்கும். பார்க்க அழகான தீர்வு. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்துக்கு இந்த நிரலைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அங்கே பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் நின்றார்கள். அகராதியில் ஒரு திறவுகோலுக்கு ஓர் இடம்தான் உண்டு. எல்லாப் பன்னீர்செல்வங்களின் வாக்குகளும் ஒரே கணக்கில் போய் விழும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. தவறான விடையை நிதானமாக அச்சிட்டுவிட்டுப் போய்விடும். தமிழ்நாட்டில் பிரபல வேட்பாளருக்கு எதிராக அதே பெயர்க்காரர்களை நிறுத்துவது பழைய உத்தி என்பதால், இதைக் கற்பனைச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்துக்கு வேட்பாளரின் பெயரோ, கட்சியோ, சின்னமோ தெரியாது. பொத்தானின் எண் மட்டுமே தெரியும். வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் பெயர் வரிசை உறுதியாகிறது: முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள், பிறகு சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஆவடியில் இரண்டாம் பொத்தானில் இருக்கும் கட்சி அம்பத்தூரில் நான்காம் பொத்தானில் இருக்கலாம். பெயர் தெரியாத இயந்திரம் என்பதால்தான் எந்த ஊருக்கும் அது பொருந்துகிறது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இந்த இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றியவர் எஸ். ரங்கராஜன். தமிழ் வாசகர்களுக்கு அவர் எழுத்தாளர் சுஜாதா. கணினியைப் பற்றித் தமிழில் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவரின் கை பட்ட கருவி, தமிழக மாணவரின் முதல் நிரலுக்கு முன்மாதிரியாக இருப்பது எத்தனை பொருத்தம்!

நான்கு வேட்பாளருக்கு நான்கு மாறிகள் என்று எழுதிவிட்டு உட்காரும் மாணவருக்கு மொடக்குறிச்சியைச் சொல்லலாம். 1996-ல் அந்தத் தொகுதியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சிட வேண்டியிருந்தது. மாறிகளை விட்டுவிட்டுப் பட்டியலுக்கு மாற வேண்டியதன் அவசியத்தை இதைவிட வலுவாகச் சொல்லும் பாடநூல் வரி கிடையாது.

அடுத்தது சுழியம். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கிறது. குறைந்தது 50 வாக்குகள் போட்டு, முடிவைப் பார்த்து, இயந்திரம் சரியாக எண்ணுகிறது என்று உறுதி செய்கிறார்கள். பிறகு அந்த வாக்குகளை அழிக்க வேண்டும். அழிக்க மறந்துவிட்டால் அந்த 50-ம் உண்மையான வாக்குகளோடு சேர்ந்துகொள்ளும். இப்படி நேர்வது உண்டு என்பதால், அத்தகைய இயந்திரங்களைத் தனியே ஒதுக்கிவைப்பதற்கென்றே தேர்தல் ஆணையம் விதி வைத்திருக்கிறது. நிரலைச் சோதித்துப் பார்த்துவிட்டு மாறிகளைச் சுழியமாக்காமல் அடுத்த தரவை ஓட்டும் மாணவர் செய்வதும் இதே பிழைதான்.

மடக்கில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. ஒரு தொகுதியில் 300 வாக்குச்சாவடிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் முந்நூறு வரை என்று நினைத்து இரு எல்லைகளையும் அப்படியே எழுதினால், பைத்தான் 299-லேயே நின்றுவிடும். கடைசிச் சாவடி எண்ணப்படாது. ஒரு சாவடியில் சில நூறு வாக்குகள் பதிவாகும். 1,395 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த ஆவடிக்கு இது அபாயம் என்றால், 2021-ல் 137 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த தியாகராய நகரில் ஒரே சாவடி விடுபட்டால் முடிவே புரண்டுவிடலாம்.

'மேற்கண்ட எவருமில்லை' என்று பொருள்படும் நோட்டாவை மாணவர்கள் பெரும்பாலும் இன்னொரு வேட்பாளராகச் சேர்த்துவிடுவார்கள். எண்ணும்போது அது சரி. வென்றவரைத் தேடும்போது தவறு. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா, சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் எத்தனை வாக்கு பெற்றாலும் வெல்ல முடியாது. அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளரே வென்றவர். 2024-ல் இந்தூரில் நோட்டாவுக்கு 2 லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்து இரண்டாம் இடம் வந்தது. அது முதலிடமாகியிருந்தால், பத்து வரி நிரல் "வென்றவர்: நோட்டா" என்று அறிவித்திருக்கும்.

சமநிலைதான் இந்தப் பயிற்சியின் இதயம். பெரிய எண்ணைத் தேடும்படி எழுதிய நிரல், இருவர் சமமாக இருந்தால் பட்டியலில் முதலில் வருபவரையே வென்றவராகச் சொல்லும். அகர வரிசையில் முன்னால் இருப்பதற்காக ஒருவர் சட்டமன்றம் போவார்! மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 65-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது: தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கல் நடத்த வேண்டும், சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். குலுக்கல் ஏட்டோடு நின்றுவிட்ட வழி இல்லை. 2017-ல் மும்பை மாநகராட்சித் தேர்தலில் 220-ஆம் வார்டு சமநிலையில் முடிந்து குலுக்கலில்தான் தீர்ந்தது. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரசின் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றுத் தோற்றார். வென்றவர் பெற்றவை 62,216. இன்னும் ஒரே ஒரு வாக்கு ஜோஷிக்கு விழுந்திருந்தால் அங்கேயும் குலுக்கல் நடந்திருக்கும்.

குலுக்கல் தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை மேடைகளில் வாக்கெடுப்பு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கல்வெட்டில் இருப்பது தகுதி வரையறையும் சீட்டெடுப்பும்தான்: 30 குடும்புகள் (வார்டுகள்), 35 முதல் 70 வரை வயது, நிலமும் சொந்த வீடும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களின் உறவினர்களுக்கும் தடை, பிறகு குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். மாணவர் எழுத வேண்டியது இங்கே வேறு நிரல். நிபந்தனைகளால் பெயர்களை வடிகட்டி, மிஞ்சியவர்களில் ஒருவரைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கும் நிரல். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த மாணவருக்குத் தேர்தலும் குலுக்கலும் வேறு வேறு என்பது மறக்காது.

டெபாசிட் கணக்கு சிறியது, ஆனால் கூர்மையானது. செல்லுபடியான மொத்த வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் தோற்ற வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்கும். மொத்தம் 3,00,000 என்றால் 50,000 பெற்றவர் இழப்பார். 50,001 பெற்றவருக்குக் கிடைக்கும். 'அதிகம்' என்பதற்கும் 'அதிகம் அல்லது சமம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட நல்ல வரி இல்லை. வகுத்துச் சதவீதமாக்குவதைவிட வேட்பாளரின் வாக்கை ஆறால் பெருக்கி மொத்தத்தோடு ஒப்பிடுவது பாதுகாப்பானது. 1992-ல் ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத் தேர்தலில் பசுமைக் கட்சி பெற்றது 4.97 சதவீதம், அச்சிட்ட நிரல் ஒரே ஒரு தசம இடத்தைக் காட்டியதால் தாளில் 5.0 என்று வந்தது. சட்டமன்றத்தில் இடம்பெற 5 சதவீதம் வேண்டும். பிழை பிறகே கண்டுபிடிக்கப்பட்டு முடிவு திருத்தப்பட்டது.

இவை அனைத்தையும்விடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு வாக்கு செல்லுமா, செல்லாதா? 2016-ல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் மு. அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. அவற்றில் சான்றொப்பம் இட்டிருந்த தலைமை ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே வழக்கு. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது, எண்ணியும் ஆனது, முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் 2021 தேர்தல் வந்து, அதே தொகுதியில் அப்பாவு வென்று பேரவைத் தலைவரும் ஆகிவிட்டார். 'செல்லுமா' என்று ஒரு செயற்கூறுக்குப் பெயர் வைத்து அதற்குள் ஒரே வரி எழுதிவிட்டு நகரும் மாணவர், அந்த ஒரு வரிக்காக நீதிமன்றங்கள் எத்தனை ஆண்டு செலவழித்தன என்பதை அறிய வேண்டும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் ஒரு வேட்பாளருக்குக் கணினி 4,096 வாக்குகளைக் கூடுதலாகக் காட்டியது. சாத்தியமானதைவிட அதிக வாக்கு அவருக்கு இருந்ததால்தான் அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் சுழியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கிறது. காரணம் விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகளாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. நிரலில் பிழை இல்லாவிட்டாலும் விடை பிழையாகலாம் என்பதால்தான், இந்தியாவில் சாவடியில் பதிவான மொத்த வாக்குகளைப் படிவம் 17சி-யில் கையால் எழுதி முகவர்களிடம் தருகிறார்கள். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்த ஐந்து சாவடிகளில், ஒவ்வொரு வாக்கும் யாருக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள்.

பள்ளிகளில் இந்தப் பயிற்சியை 'அ', 'ஆ', 'இ' என்ற கற்பனை வேட்பாளர்களோடு நடத்துவது பெரிய வாய்ப்பை வீணாக்குவது. தொகுதிவாரியாக, சாவடிவாரியாக வாக்கு விவரம் தரும் படிவம் 20-ஐத் தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளம் வெளியிடுகிறது. ஆவடி, பூந்தமல்லி மாணவர்கள் தங்கள் தெருவின் சாவடியையே அதில் பார்க்கலாம். சென்னையின் மேற்குப் புறநகரில் இன்னொரு சுவையும் உண்டு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. பக்கத்திலேயே இருக்கும் அம்பத்தூரும் மதுரவாயலும் ஸ்ரீபெரும்புதூரில். சாவடி, சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி என்று மூன்று அடுக்காகக் கூட்டும் நிரல்தான் அடுத்த பயிற்சி.

கணினி ஆசிரியர்கள் இந்த ஆண்டே இதைத் தொடங்கலாம். படிவத்தின் அடியில் தனி வரியாக வரும் தபால் வாக்குகளை மாணவர்கள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல படிவங்கள் தாளைப் படமெடுத்து ஏற்றியவையாக இருப்பதால் எண்களைக் கையால்தான் உள்ளிட வேண்டியிருக்கும். ஒரே தொகுதியை இரண்டு மாணவர்கள் தனித்தனியே உள்ளிடட்டும். இரண்டு கோப்புகளும் எந்தச் சாவடியில் வேறுபடுகின்றன என்று கண்டுபிடிக்கும் நிரலை அவர்களே எழுதட்டும்.