ஏலத்துக்கு வராத ரைடர்

அமெரிக்கக் கால்பந்தில் ஓட்டத்தை மீட்டரில் அளப்பதில்லை. பிள்ளையார்பாளையம் நெசவாளர்கள் சேலைக்குச் சொல்லும் அதே கெஜம்தான். நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர் ரன்னிங் பேக். கல்லூரி வீரர்களை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் தொழில்முறை லீகின் அணிகள் முறைபோட்டு எடுக்கும். 2009இல் எந்தச் சுற்றிலும் ஏரியன் ஃபாஸ்டரின் பெயர் வரவில்லை. பிறகு ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி தனியாகச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே 1,616 கெஜம் ஓடி அந்த லீகில் முதலிடம் பிடித்தார். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கைகூப்பிக் குனிவது அவர் வழக்கம். நம்மூர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம்.

நமக்குத் தெரிந்த ஆட்டங்களில் இந்த வேலைக்கு நெருக்கமானது கபடி ரைடருடையது. சடுகுடு என்று மண்ணில் ஆடியது இப்போது 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள விரிப்பில் நடக்கிறது. ரைடருக்கு 30 வினாடி. விடாமல் பாடியபடி நடுக்கோட்டைத் தாண்டுகிறார். அங்கிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதைத் தாண்ட வேண்டும், இல்லை யாரையாவது தொட வேண்டும்; இரண்டும் இல்லாமல் திரும்பினால் அவுட். இன்னும் ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. எதிரே ஆறு பேராவது நிற்கும்போது ஒரு காலை அதற்கு அப்பால் ஊன்றி, மறுகாலைத் தரையில் படாமல் தூக்கினால் ஒரு புள்ளி.

கையால் தொடுவது எல்லோர் கண்ணிலும் படும். வித்தை காலில் இருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் கார்னர் எனும் தடுப்பாட்டக்காரர்கள் கணுக்காலுக்குக் காத்திருப்பார்கள். நடுவில் கைகோத்தவர்கள் சங்கிலியாக வந்து மறிப்பார்கள். ரைடர் இடப்பக்கம் தோளைச் சாய்ப்பார், எடை மட்டும் வலக்காலில் இருக்கும். ஏமாந்து அந்தப் பக்கக் கார்னர் ஓரடி முன்னே வந்தால் போதும், இடக்கால் விரல் நீண்டு தொட்டுவிடும். பிடிபட்டாலும் முடிந்துவிடவில்லை. ஒரு விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. சங்கிலிக்கு அடியில் குனிந்து நழுவும் 'டுப்கி'யை ரைடர் பர்தீப் நர்வால் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார்.

ரன்னிங் பேக்குக்கு முன்னால் ஐந்து பெருத்த ஆட்கள் முட்டித் தள்ளி வழி திறப்பார்கள். கோர்வைச் சேலை நெய்யும்போது கரை நாடா போடப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்வதுபோல, அவர்கள் இல்லாமல் அவர் ஓட்டம் இல்லை. ரைடருக்கு அந்தத் துணையும் கிடையாது.

2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி ரைடர் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த லீகில் எவருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் காயம். ரைடு பாரம் ஹரியானா இளைஞர் நரேந்தர் மேல் இறங்கியது. அவர் ஏலத்துக்கே வராதவர். 'புதிய இளம் வீரர்' என்ற பிரிவில் நேரடியாகச் சேர்க்கப்பட்டவர். ஏலம் பழைய கணக்கைப் பார்த்துத்தான் விலை போடும். கார்னரின் கால் அசையுமுன் அதைப் படித்துவிடும் கண்ணை, களத்தில் இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்த சீசனில் நரேந்தர் எடுத்த ரைடு புள்ளிகள் 243. அறிமுக சீசனில் அதற்குமுன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. பட்டியலின் அடியிலேயே கிடந்து பழகிய தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தானிடம் தோற்றது.