வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில், உத்தனப்பள்ளியில் சாமி படங்களுக்கு பிரேம் போடுவது என் பிழைப்பு. முருகன், மாதேஸ்வரன், இயேசு, மாதா எல்லாரும் ஒரே சுவரில் சாய்ந்திருப்பார்கள். இயேசு படம் வந்தால் முகத்தைப் பார்க்கும் முன் வெளிச்சத்தைப் பார்ப்பேன். அது எங்கிருந்து கிளம்புகிறதோ, அங்கேதான் படத்தின் சங்கதி இருக்கும்.

கிறிஸ்துமஸ் படங்களில் அது தீவனத் தொட்டியிலிருந்து கிளம்பும். இத்தாலியர் கொரெஜ்ஜோ 1530 வாக்கில் வரைந்த 'புனித இரவு' ஓவியத்தில் குழந்தையின் உடம்பேதான் விளக்கு. பக்கத்தில் நிற்கும் பெண் கண்கூசிக் கையை உயர்த்துகிறாள்.

எனக்குப் பிடித்தது, கையில் லாந்தரோடு இயேசு கதவைத் தட்டும் படம். ஆங்கிலேயர் ஹோல்மன் ஹன்ட் 1853-இல் முடித்தது. இரவுக் காட்சி சரியாக வரவேண்டுமென்று நிலா வெளிச்சத்தில் உட்கார்ந்து வரைந்தாராம். கதவடியில் களை மண்டிக் கிடக்கிறது, கீல் துருப்பிடித்திருக்கிறது. திறந்து எத்தனை காலமோ! வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே இருப்பவர்தான் திறக்கவேண்டும். இதில் வெளிச்சம் இரண்டு. லாந்தர் ஒளி மனசாட்சி, தலையைச் சுற்றிய ஒளி மீட்பின் நம்பிக்கை என்று விமர்சகர் ரஸ்கின் 1854-இலேயே விளக்கம் எழுதினார். இந்தப் படத்துக்குத்தான், "அண்ணா, தலையைச் சுத்தி எல்இடி வெச்சுக் குடுங்க" என்று கேட்பார்கள். வைத்தால் லாந்தர் செத்துப்போகும். மாட்டேன் என்பேன்.

வெளிச்சத்தை விட்டு வடிவத்தால் பேசும் படமும் உண்டு. பெங்களூரு பக்கம் சில்வேபுராவில் குடியேறிய ஜோதி சாஹி, 'தலித் மடோனா' என்ற ஓவியத்துக்கு நம் ஆட்டுக்கல்லை எடுத்துக்கொண்டார். கல்லின் குழியில் குழவி பொருந்துவதுபோலத் தாயிடம் பிள்ளை பொருந்தியிருக்கிறது. அம்மா மாவாட்டப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

கடைக்கு அதிகம் வருவது இறை இரக்க ஆண்டவர் படம். கன்னியாஸ்திரி ஃபவுஸ்தினா தான் கண்ட காட்சியைச் சொல்லச்சொல்ல, 1934-இல் வில்னியஸ் நகரில் கசிமிரோவ்ஸ்கி வரைந்தார். இயேசுவின் நெஞ்சிலிருந்து இறங்கும் சிவப்புக் கதிர் இரத்தம், வெளிறிய கதிர் தண்ணீர். சிலுவையில் விலாவைக் குத்தியபோது வந்தவை. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பின்னாளில் அடோல்ஃப் ஹிவா வரைந்ததன் அச்சு.

இந்தப் படத்தை மட்டும் ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், நீலம் தங்கிவிடும். சில வருடத்தில் இரத்தமும் தண்ணீரும் ஒரே நிறமாகிவிடும். கண்ணாடி போட்டிருந்தாலும் அப்படித்தான்.