வாகைக்குளத்தில் இறங்கும் வீட்டு விமானம்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரைக்கு மேல் எங்கள் மயூர் விஹார் வீட்டுக்குப் போன் செய்யும் நண்பர்கள், பின்னால் கேட்கும் இரைச்சலை மிக்ஸி என்று நினைத்துக்கொள்வதுண்டு. மிக்ஸி அல்ல. எழுபது பேருக்கு மேல் உட்காரும் ஏ.டி.ஆர். 72-600 விமானம். என் மகனின் மேஜைமேல் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982-லேயே வந்துவிட்டது. அப்போது தரை, வானம் எல்லாம் மிக எளிமையான படங்கள்தான். 2020-இல் வந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகத்தையே விரித்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில், தயாரிக்கும் கம்பெனியின் ஒத்துழைப்போடு ஏ.டி.ஆர். விமானமும் அதற்குள் வந்து சேர்ந்தது. பிரான்சும் இத்தாலியும் கூட்டாக 1981-இல் தொடங்கிய கம்பெனி அது. சின்ன ஊர்களுக்குப் போகும் புரொப்பெல்லர் விமானம்தான் அவர்கள் தொழில்.

இதில் என் மகனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அவனுக்குப் பதினேழு வயதில் பைலட் ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை நீட்டினார்கள். அவனுக்கு எண் தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில், "பி.காம். சேர்ந்துடு, பாங்க் பரீட்சை எழுதலாம்" என்றேன். வேறொன்றும் நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பி.காம். முடித்தான், பாங்க்கில் சேர்ந்தான். அப்புறம் சம்பளப் பணத்தில் பெரிய கம்ப்யூட்டர், கைப்பிடி, நெம்புகோல் என்று பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தது. "ஏலே, பச்சப்புள்ள விளையாட்டுக்கு இவ்வளவு ரூபாயா?" என்று சத்தம் போட்டேன்.

ஒரு நாள் கரண்ட் போய் டி.வி. நின்றுவிட்டது. அவன் அறையில் மட்டும் இன்வெர்ட்டர். வேறு வழியில்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விமானத்தை ஸ்டார்ட் செய்யவே இருபது நிமிஷம் பிடித்தது! பெரிய ஜெட் விமானங்களின் வாலில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தர ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். ஏ.டி.ஆரில் அது கிடையாது. எடையும் செலவும் மிச்சம். பதிலாக, வலது பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைப்பார்கள். உள்ளே விளக்கும் குளிர்காற்றும் வரும், வெளியே இறக்கை சுற்றாது. இதற்கு 'ஹோட்டல் மோட்' என்று பெயர். (நம் ஊர் ஓட்டல் போல, அடுப்பு எரிகிறது, இலை இன்னும் போடவில்லை!) மேஜை விமானத்திலும் அந்த பிரேக்கை முறைப்படி விட்டால்தான் இறக்கை சுற்றுகிறது.

ஐந்து திரைகள், எண்ணற்ற விளக்குகள். நிறத்தை அவன் நம்புவதில்லை. எழுத்தையும் இடத்தையும் பார்த்தே படிக்கிறான்.

டிசம்பரில் இமயமலைப் பக்கம் பறந்தபோது இறக்கையில் பனி படிவதாக எச்சரிக்கை வந்தது. விளையாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று பனியால் கட்டுப்பாடு இழந்து விழுந்து 68 பேர் இறந்ததையும், அதன்பிறகு இறக்கையின் முன்விளிம்பில் பனியை உடைக்கும் ரப்பர் பட்டைகளைப் பெரிதாக்கியதையும் சொன்னான். சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டிக் கீழே இறக்கினான். அதற்குப்பிறகு நான் விளையாட்டு என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

2024 பிப்ரவரியில் என் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனோம். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காததால் விமானம், அதே ஏ.டி.ஆர். மேலே கிளம்பிய சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. என் மனைவி முருகா என்று என் கையைப் பிடித்தாள். "ஒண்ணுமில்லம்மா, புரொப்பெல்லர் வேகத்த நூறிலேர்ந்து எண்பத்திரண்டு சதவீதத்துக்குக் குறைக்காங்க" என்றான் அவன். சத்தம் தணிவதற்கு ஒரு வினாடி முன்பே விரலைத் தூக்கிக் காட்டியிருந்தான், நான் பார்த்தேன்.

வாகைக்குளம் ஓடுபாதை அப்போது சுமார் 1,350 மீட்டர்தான். பெரிய ஜெட்டுகள் வராமல் இந்த விமானம் மட்டும் வந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். (2025 ஜூலையில் புதிய முனையம் திறந்தார்கள். ஓடுபாதையையும் 3,000 மீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள்.) இறங்கியபின் எல்லோரும் பெட்டிக்காக ஓட, இவன் மட்டும் புரொப்பெல்லரின் ஆறு இறக்கைகளையும் பார்த்தபடி நின்றான். ஊழியர் வந்து நகரச் சொன்னார்.

காரில் கேட்டேன். "அன்னைக்கு அந்தப் புத்தகத்துல உனக்கு ஒண்ணுமே தெரியலையாலே?"

"மூணு பக்கம் தெரிஞ்சுதுப்பா. மத்ததெல்லாம் வெறும் புள்ளி." கொஞ்ச நேரம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். "எட்டு வருஷம் கழிச்சுக் கேக்கீங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அன்று பஸ்ஸில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தில்லி திரும்பியதும் நானே போய், எனக்கும் சொல்லிக்கொடு என்றேன். ஜெட் விமானம் கடைசியில் கொஞ்சம் மிதந்து இறங்குமாம். இதில் முன்கூட்டியே நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தால் புரொப்பெல்லர்கள் தட்டு மாதிரி காற்றை மறித்து, விமானம் கல்லாக விழும். ஓடுபாதை தொட இருபது அடி இருக்கும்வரை கை பொறுக்க வேண்டும். என் கை பொறுக்கவில்லை. வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதையில் இதுவரை பதினோரு முறை இறங்கியிருக்கிறேன். நான்கு தடவைதான் பயணிகள் நலம். மற்ற ஏழையும் அவன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான்.

வரும் ஞாயிறு காற்று பக்கவாட்டில் வீசும்படி வைக்கப்போகிறானாம்.