சுரங்கம் ஈன்ற ஊர்கள்

ஊர்கள் பலவகையாகத் தோன்றுகின்றன. ஆற்றங்கரையில் எழுந்த ஊர்கள் உண்டு. கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த ஊர்கள் உண்டு. துறைமுகத்தால் பெருகிய ஊர்களும் உண்டு. இவையெல்லாம் தலைமுறை தலைமுறையாக மெல்ல வளர்ந்தவை. ஆனால், சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் மக்களைப் பெற்று, ஓரிரு தலைமுறைக்குள் ஆளரவம் அற்றுப்போன ஊர்களும் உலகில் இருக்கின்றன. அவை சுரங்கம் ஈன்ற ஊர்கள். அத்தகைய ஊர்களை மிகுதியாகக் காணத்தக்க இடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியாகும். குடியிருப்பார் இன்றி நிற்கும் ஊர்களை அந்நாட்டார் பேயூர்கள் என்றே வழங்குகின்றனர்.

அலுவலிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் மோட்டார் வண்டியில் புறப்பட்டு இவ்வூர்களைப் பார்த்துவருவது அங்கே பெருவழக்கு. விரைந்து திரும்பவேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை. வழியில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தலாம். இடிந்த சுவர் ஒன்றின் முன் நெடுநேரம் நிற்கலாம். அப்படிப்பட்ட முதியோர் இருவரோடு நாமும் மனத்தளவில் ஒரு பயணம் செய்வோம். பொன்னும் வெள்ளியும் மலைபோல் எடுத்த ஊர்கள் ஏன் நிலைபெறவில்லை என்ற கேள்வியையும் உடன் எடுத்துச் செல்வோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். 1848-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கலிபோர்னியாவில் கொலோமா என்னும் இடத்தில், மரம் அறுக்கும் ஆலை ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் நீரோடையில் பொற்றுகள்களைக் கண்டார். அடுத்த ஆண்டே பொன் தேடும் மக்கள் வெள்ளம்போல் அங்கே பாய்ந்தனர். ஆற்று மணலில் அரித்தெடுத்த பொன் குறையத் தொடங்கியதும், அவர்களில் பலர் சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து கிழக்கே சென்றனர். 1859-ஆம் ஆண்டில், இன்று நெவாடா மாநிலமாக உள்ள பகுதியில், காம்ஸ்டாக் என்று பெயர்பெற்ற பெரிய வெள்ளித் தாதுப் படிவம் வெளிப்பட்டது. அதன்மேல் எழுந்த நகரமே வர்ஜீனியா சிட்டி.

நம் முதியோரின் வண்டி முதலில் நிற்பது இந்நகரில்தான். காம்ஸ்டாக்கின் தாது மிக அகன்றது. எளிதில் உதிரும் தன்மையது. தோண்டத் தோண்ட மேற்கூரை சரிந்து தொழிலாளரை நசுக்கியது. 1860-ஆம் ஆண்டில் பிலிப் டைடஷைமர் என்ற பொறியியலார் இதற்கு ஒரு வழி கண்டார். கனத்த மரக்கட்டைகளைப் பெட்டிச் சட்டம்போல் இணைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன் அருகில் ஒன்றாகவும் தேனடை போல அடுக்கிச் சுரங்கத்தைத் தாங்கச் செய்தார். உயிர்கள் காக்கப்பட்டன, ஆனால் காடுகள் அழிந்தன. சியரா மலைச்சரிவுகளில் வெட்டிய மரங்கள் மரத்தாலாகிய நீர்க்கால்வாய்களில் மிதந்து இறங்கி மண்ணுக்குள் புகுந்தன. பைன் கொட்டையை உணவாகக் கொண்டிருந்த பையூட், வாஷோ முதலிய பழங்குடி மக்களின் மரங்களும் விறகாகவும் கரியாகவும் மாறின. சுரங்கத்தின் வளத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. இழப்பில் மட்டும் பங்கிருந்தது.

ஆழம் மிகுந்தபோது சுரங்கத்தினுள் வெந்நீர் ஊறியது. வெப்பம் தாங்காத தொழிலாளர் பனிக்கட்டியை உடலில் தேய்த்துக்கொண்டு சிறிது நேரமே உழைக்க முடிந்தது. அவர்கள் சங்கம் அமைத்து, நாளொன்றுக்கு 4 டாலர் கூலி என்பதை நிலைநாட்டினர். அந்நாளில் அது உயர்ந்த கூலியே. எனினும் பெருஞ்செல்வம் அவ்வூரில் தங்கவில்லை. அது சான் பிரான்சிஸ்கோ நகரத்து மாளிகைகளாகவும் வங்கிகளாகவும் உருமாறியது. வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட பாதரசமோ கார்சன் ஆற்றில் கலந்து அங்கேயே தங்கிவிட்டது. நச்சுக் கழிவை அகற்ற வேண்டிய இடங்களின் பட்டியலில் மத்திய அரசு 1990-ஆம் ஆண்டு அவ்வாற்றுப் பகுதியைச் சேர்த்தது. ஊரின் வெள்ளி வெளியூருக்குப் போயிற்று. ஊருக்கு நஞ்சு மிஞ்சிற்று.

அங்கிருந்து தெற்கே சென்றால், கலிபோர்னியாவில், ஏறத்தாழ 8,400 அடி உயரத்தில், மரமற்ற மேட்டு நிலத்தில் போடி என்னும் ஊர் உள்ளது. 1859-ஆம் ஆண்டு அங்கே பொன் கண்ட போடி என்பவர், அவ்வாண்டுக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் சிக்கி இறந்தார். அவர் பெயர்தாங்கிய ஊர் 1880-ஆம் ஆண்டையொட்டிப் பல ஆயிரம் மக்களைப் பெற்றது. விறகின் விலை தாளாமல் இவ்வூர்ச் சுரங்க நிறுவனம் 1892-ஆம் ஆண்டில் 13 மைல் தொலைவிலிருந்த நீர்மின் நிலையத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் கொணர்ந்தது. இவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் செலுத்தியது அக்காலத்தில் ஒரு புதுமை. வளைவுகளில் மின்சாரம் தெறித்து விழுந்துவிடுமோ என்றஞ்சிக் கம்பியை நேராகவே இழுத்தனர் என ஒரு கதையும் வழங்குகிறது.

அறிவு இவ்வளவு துணைசெய்தும் தாது தீர்ந்ததை யார் தடுக்க முடியும்? மக்கள் ஊரைவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினர். 1932-ஆம் ஆண்டுத் தீ ஊரின் பெரும்பகுதியை எரித்தது. 1942-ஆம் ஆண்டில், போரின் பொருட்டு அரசு பொற்சுரங்கங்களை மூடச் செய்தபோது எஞ்சிய வேலையும் நின்றது. 1962-ஆம் ஆண்டு முதல் போடி மாநிலப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. அங்கே வீடுகளைப் புதுப்பிப்பதில்லை. மேலும் இடிந்துவிழாதபடி மட்டுமே காக்கின்றனர். பள்ளிக்கூடத்தின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் சிறுவர் அமர்ந்த மேசைகள் இன்றும் வரிசையாக உள்ளன.

இனி அரிசோனா மாநிலம். அதன் தென்கோடியில் உள்ள ஊருக்கு டூம்ஸ்டோன், அதாவது கல்லறைக்கல், என்று பெயர். 1877-ஆம் ஆண்டில் எட் ஷீஃபலின் என்பவர் தாது தேடிப் புறப்பட்டபோது, உனக்குக் கிடைக்கப்போகும் கல் உன் கல்லறைக்கல்தான் என்று படைவீரர் எச்சரித்தனராம். அவர் வெள்ளியைக் கண்டு அச்சொல்லையே பெயராக வைத்தார். இவ்வூரை வீழ்த்தியது தாதுப் பஞ்சம் மட்டுமன்று; தண்ணீர். ஆழத்தில் ஊற்று பெருகியது. அதை இறைக்கப் பெரிய எந்திரங்கள் அமைத்தனர். 1886-ஆம் ஆண்டில் ஒரு பெருந்தீ அவ்வெந்திரங்களை விழுங்கியது. வெள்ளியின் விலையும் வீழ்ந்துகொண்டிருந்தது. அரசுகள் நாணயத்துக்குப் பொன்னையே அடிப்படையாகக் கொள்ளத் தொடங்கியதன் விளைவு அது. எங்கோ ஒரு தலைநகரில் இயற்றிய சட்டம் பாலைவனத்து ஊரின் அடுப்பை அணைத்துவிடும் என்பதற்கு இவ்வூர் ஒரு சான்று.

அதே மாநிலத்தின் நடுப்பகுதியில், செங்குத்தான மலைச்சரிவில் செப்புச் சுரங்கத்தால் வாழ்ந்த ஜெரோம் உள்ளது. உலைப்புகையால் செடிகொடிகள் கருகின. நிலத்தடியில் வெடிவைத்ததால் மண் இளகியது. ஊர்ச் சிறைச்சாலையே இருநூறு அடிக்கு மேல் சரிவில் நகர்ந்துவிட்டது! 1953-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊரில் ஒருசிலரே எஞ்சினர். ஆனால் அவர்கள் ஊரைக் கைவிடவில்லை. வரலாற்றுக் கழகம் ஒன்று அமைத்துப் பழைய பொருள்களைத் திரட்டினர். பின்னர் ஓவியரும் கைவினைஞரும் வந்து குடியேறினர். அது தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. இன்றும் அது சில நூறு பேர் வாழும் சிற்றூர். ஆயினும் பேயூர் அன்று.

பயணம் முடிந்தது. நம் கேள்விக்கு விடை யாது? நெல் விளையும் நிலம் மறு ஆண்டும் விளையும். ஆற்று நீர் மறு பருவத்தில் வரும். கனிப்பொருளுக்கு மறு விளைச்சல் இல்லை. ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். ஆகவே சுரங்க ஊர் தன் முதலைத் தின்றே வாழ்கிறது. அம்முதலின் ஒரு பகுதி பள்ளியாகவும் வேறு தொழிலாகவும் அவ்வூரிலேயே விதைக்கப்பட்டால் சுரங்கம் மூடிய பின்னரும் ஊர் வாழும். முழுவதும் வெளியே சென்றால் குழியும் கழிவுமே மிஞ்சும்.

மாணவர்களாகிய நீங்கள் நாளை பொறியியலாராகலாம்; அரசை நடத்துவோராகலாம். ஒரு சுரங்கம் திறக்கப்படும் நாளில் எவ்வளவு கிடைக்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். அது மூடப்படும் நாளில் இங்குள்ள மக்களுக்கு என்ன இருக்கும் என்று நீங்கள் அன்றே கேளுங்கள். அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்பார் இல்லாமையால்தான் போடியின் பள்ளிக்கூடத்தில் மேசைகள் இருக்க, மாணவர் இல்லை.